பக்கத்து நாற்காலிக்காரன்

பதினைந்து வருடக் கோபத்தோடு எஸ்ராவின் வீட்டு மணியை அழுத்தினான் லாமார். ஒரே அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்கள் இருவரும்.

எஸ்ராவின் மனைவி டெல்ஃபின் கதவைத் திறந்தாள்.

“கோப்பை ஜெயிச்சு சாம்பியன் மோதிரம் வாங்கினவரு எங்கே? என் பிழைப்பில மண்ணைப் போட்டவரு?”

“உள்ளே வாங்க, லாமார்.”

“விருந்துக்கு வரலைம்மா, நியாயம் கேட்க வந்தேன். சீசன் தொடங்குமுன்னே ஞாபகசக்திக்கு ஒரு டெஸ்ட் வைப்பாங்க. நாங்க வேணும்னே தப்பா எழுதுவோம். அப்பதான் பின்னாடி தலையில அடிபட்டு மறுபடி டெஸ்ட் வெச்சா, மார்க் குறைஞ்சது டாக்டருக்குத் தெரியாது. உன் புருஷனும் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து அப்படித்தான் எழுதினான். ஆனா என்னை மட்டும் டாக்டர்கிட்ட காட்டிக்கொடுத்தான். என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவன் இன்னும் ஏழு வருஷம் ஆடினான். கூடப் பிறந்தவன் மாதிரி நம்பினேனேம்மா!”

டெல்ஃபின் அவனைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். மேசையருகே உட்கார்ந்திருந்த எஸ்ராவின் கழுத்தில் துண்டைக் கட்டி, சோளக்கஞ்சியை ஊட்டத் தொடங்கினாள்.

எஸ்ரா லாமாரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். “குழாய் ரிப்பேருக்கு வந்தீங்களா சார்?”

லாமார் டெல்ஃபின் பக்கம் திரும்பினான். “அப்போ… ஏன் என்னை மட்டும்?”

“நானும் அன்னைக்கே கேட்டேன். உங்களுக்குப் பொண்ணு பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்துச்சு. ‘நமக்குத்தான் பிள்ளை இல்லை டெல்ஃபின். அவன் அந்தக் குழந்தை பேரை மறந்துடக் கூடாது’ன்னார்.”