இன்ஜின் இல்லாத வேன்

மூன்று கோர்ட்டுகளுக்கும் ஜெயிலுக்கும் சேர்த்து இருந்தது ஒரே வேன். அது ஒரு பக்கம் போனால் மற்ற இரண்டு பக்கமும் வாய்தாதான். ஜெயிலில் இருந்த தையல்கார அக்காவின் வழக்கு அப்படித்தான் இழுத்துக்கொண்டு கிடந்தது. அவள் திருடியதாகப் புகார் வந்த சங்கிலி, புகார் கொடுத்தவள் வீட்டு பீரோவுக்கு அடியிலேயே கிடைத்துவிட்டது. அக்கா நேரில் வந்து நின்றால் நீதிபதி விட்டுவிடுவார். கூட்டிவரத்தான் வண்டி வாய்க்கவில்லை.

அன்றைக்கும் அவளுக்கு வாய்தாதான் என்று தோன்றியது. வேன் டிரைவர் ஒர்க் ஷாப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே வேன் நின்றது. அதன் இன்ஜினைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள். போன் அடித்தது. கோர்ட் ஏட்டு.

"அண்ணே, அசத்திட்டீங்க! அக்காவுக்கு விடுதலை!"

"யாருய்யா கூட்டிட்டு வந்தது?"

"விளையாடாதீங்க. நீங்கதானே வாசல்ல இறக்கி விட்டீங்க? இருங்க, அக்கா பேசணுமாம்."

"தம்பி, நீ நல்லா இருக்கணும். வழியெல்லாம் பாடிக்கிட்டே வந்தியே, என் பயமே போயிடுச்சு" என்றாள் அக்கா. பின்னால் அவள் புருஷன் சிரிப்பதும் அழுவதும் சேர்ந்து கேட்டது.

டிரைவருக்குப் பாடவே வராது. எழுந்துபோய் வேனின் முன்பக்கத்தைத் தொட்டார். சுட்டது.

ஏட்டு மறுபடி பேசினார். "நாளைக்கு இன்னும் ரெண்டு பேரை அழைச்சிட்டு வரணும். வண்டி வரும்ல?"

டிரைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வந்துடும்" என்றார்.

மெக்கானிக் ஸ்பேனரோடு குனிந்தார். டிரைவர் அவர் தோளைப் பிடித்தார்.

"இரு மாப்ளே. இப்போதைக்கு மாட்டாதே."