பாட்டுக்குச் சொந்தக்காரர்

அனஸ்தாசியாவின் கணவன் செலஸ்தீன் இயற்றிய பாட்டை ஓர் இசைக்குழு வெளியிட்டிருந்தது. உரிமை கேட்டு, கற்பிட்டியிலிருந்து சிலாபத்திலுள்ள அவர்களுடைய அலுவலகத்துக்கே வந்துவிட்டாள் அவள்.

“நாங்கள் களவெடுக்கேல்ல அக்கா. எழுதினவரிட்டயே உரிமையை எழுதி வாங்கினனாங்கள்,” என்றார் முகாமையாளர்.

“பொய்! எழுதினது என்ர மனுசன்.”

“ஓம், செலஸ்தீன். போன மாசம் அவரே வந்து பாடினவர்.”

கைபேசியில் அந்தப் பதிவை ஓடவிட்டார். திரையில் செலஸ்தீன் பாடிக்கொண்டிருந்தான். சற்று மெலிந்திருந்தான்.

உரிமைக்கு ஆதாரமாகக் கொண்டுவந்த மரண அத்தாட்சிப் பத்திரத்தை அனஸ்தாசியா மேசையில் வைத்தாள்.

“மூண்டு வருசத்துக்கு முன்னம் எத்தாளையில ஒரு உடம்பு கரையொதுங்கினது. முகம் தெரியேல்ல. சேர்ட்டைப் பாத்து, இவரெண்டுதான் அடக்கம் செய்தனாங்கள்.”

அவள் மீண்டும் திரையைப் பார்த்தாள்.

“அண்டைக்கு இவரோட கடலுக்குப் போன என்ர தம்பியைத்தான் இண்டைக்கும் தேடுறம்.”