இருபது முடிந்த நாள்

பிரேசிலின் ரெசிஃபி நகரில், மரவள்ளிக் கேக்கின் மேல் இருபது என்ற எண் மெழுகுவர்த்தியைக் குத்தினாள் ஜன்டீரா.

“உங்க வீட்ல இருபது வயசுல யாரு இருக்கா, அக்கா?” என்றாள் பக்கத்து வீட்டு நெய்ஜி.

“முதல்ல கைதட்டிப் பாடுடி, சொல்றேன்.”

பாட்டு முடிந்ததும் கணவர் ஒஸ்வால்டோ மூச்சு வாங்க ஊதி அணைத்தார்.

“இவரோட இதய மாத்திரைக்குத்தான். கம்பெனிக்காரன் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டு நேத்தோட இருபது வருஷம் முடிஞ்சிருச்சு. இனி யாரு வேணும்னாலும் தயாரிக்கலாம். இன்னைக்கே அதே மருந்து பாதி விலைக்குக் கடைக்கு வந்தாச்சு.”

“அப்போ இத்தனை நாளா?”

“பாதி மாத்திரைதான் முழுங்கினாரு. மீதிப் பாதி மறுநாளைக்கு.”

ஜன்டீரா மாத்திரை வெட்டும் கத்தியை எடுத்துக் கேக்கில் இறக்கினாள்.

“இனிமே இதுக்கு இந்த வேலைதான்.”