ஆற்றோரப் பூங்காவில் அப்பா

ஆற்றோரப் பூங்காவின் புதுப் புல்தரையில் அப்பா குனிந்து குனிந்து நடந்தார். ஒவ்வொரு மரத்தடியிலும் சற்று நின்றார். மகள் செல்வராணி பின்னால் போனாள்.

காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"யஜமானரே, ஒதுங்கறதுக்கு இங்கதான் எடம் கெடச்சுதா? கக்கூஸ் கேட்டாண்ட இருக்கு!"

"அவர் அதுக்கு வரலை" என்றாள் செல்வராணி.

"பின்ன? படிச்ச பொண்ணாட்டம் இருக்கே, நீயாவது சொல்லக்கூடாதா? புல்லு மிதிபடுதில்ல?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"பூங்கா போடறதுக்கு முன்னாடி இது என்ன இடம்னு தெரியுமாய்யா? எங்க ஆளுங்க இடுகாடு. எங்கம்மாவை இங்கதான் புதைச்சோம்."

அவன் சட்டென்று பின்வாங்கித் தன் காலடியைப் பார்த்தான்.

"எந்த எடத்துலம்மா?"

அவள் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்:

"மேடு தெரியாம நெரவிட்டாங்களே தம்பி. அதத்தான் தேடறேன்."