கவிஞர் அரசு

"இந்த வரி உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?" என்று கேட்டார் மியூசிக் கம்பெனி எழிலன்.

அரசுக்கு வியர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மோகனப்பிரியாவைப் பார்த்தான். பாட்டை எழுதியவள் அவள்தான். அவள் பெயரில் அனுப்பிய பாட்டுகளுக்கு எந்தக் கம்பெனியும் பதில்கூடப் போட்டதில்லை. வெறுத்துப்போய், கடைசியாக ஒன்றைப் புருஷன் பெயரில் அனுப்பினாள். அந்த வாரமே சிதம்பரத்திலிருந்து போன் வந்துவிட்டது, 'கவிஞர் நேர்ல வரணும்' என்று.

மீன்பிடிக்கிறவனுக்குக் கவிஞர் வேஷம்! கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து பாடம் நடத்திக்கொண்டே வந்தாள்.

"சொதப்பிடாத மாமா. இதுவும் போச்சுன்னா நான் இனிமே பேனாவையே தொட மாட்டேன்."

இப்போது அந்தப் பாடமெல்லாம் மறந்துபோயிருந்தது.

"கடல்ல இருக்கும்போது தோணுச்சு சார்" என்றான்.

எழிலன் பாட்டைப் படித்தார். "'கரைக்கு வர்ற சேதிய முன்னாடியே சொல்லு மச்சான், என் கண்ணுக்கு மை எழுத நேரம் வேணும்'. கரையில காத்திருக்கிற பொண்ணு மனசு, ஒரு ஆம்பளைக்கு எப்படிங்க புரிஞ்சுது?"

"அங்க சிக்னல் கெடைக்காது சார். சும்மாதானே இருக்கோம்னு யோசிச்சேன்."

மோகனப்பிரியா அவன் காலை மிதித்தாள். பேச்சை மாற்ற, "இதுக்கு என்ன மாதிரி மெட்டு போடப் போறீங்க சார்?" என்று கேட்டாள்.

இந்த முறை எழிலன் முழித்தார். "மெட்டா? நல்ல மெட்டாதாம்மா போடுவோம்."

அவர் மனைவி சுவேதா டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

எழிலன் தொண்டையைக் கனைத்தார். "அந்த வரி மெட்டுக்கு நீளமா இருக்காம். இப்பவே கொஞ்சம் சுருக்கிக் குடுங்க கவிஞரே. சரியா வந்தா இன்னைக்கே அக்ரிமெண்ட் போட்டுடலாம்."

அரசு மின்விசிறியைப் பார்த்தான். டீயைப் பார்த்தான். "சுருக்கணும்னா... சுருக்குவலை மாதிரி..." என்று இழுத்தான்.

பொறுக்க முடியாமல் மோகனப்பிரியா பாடியே விட்டாள்.

"கரைக்கு வர்ற சேதி சொல்லு, கண்ணுக்கு மை எழுதணும்!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அரசு எழுந்து கைகூப்பினான். "கோச்சுக்காதீங்க சார். எனக்கு ஒரு எழவும் தெரியாது. எழுதுறதெல்லாம் இவதான். பொம்பள பேர்ல அனுப்புனா யாரும் மதிக்கல, அதான் என் பேரப் போட்டுட்டோம்."

எழிலனும் விருட்டென்று எழுந்தார். எல்லாம் போச்சு என்று மோகனப்பிரியா கைப்பையை எடுத்தாள்.

"அப்பாடா!" என்று முகத்தைத் துடைத்துக்கொண்ட எழிலன், தன் நாற்காலியை மனைவி பக்கம் தள்ளினார். "இனிமே நீயே ஒக்காந்து பேசு சுவேதா. கம்பெனி இவளோடதுங்க, மெட்டுப் போடுறதும் இவதான். ஆம்பள மொதலாளி ஒருத்தன் இருந்தாதான் மதிக்கிறாங்கன்னு என்னைய ஒக்கார வெச்சிருக்கா!"