நானூற்று ஐம்பத்தொன்று

கொள்முதல் அதிகாரி அந்த அறிவிப்பை அச்சடித்தே கொண்டுவந்துவிட்டார். அதுவும் வண்ணத்தில்.

"போஸ்ட்மாஸ்டர், என் மெயில் போக மாட்டேங்குது. நாலு தடவை அனுப்பிட்டேன், நாலு தடவையும் இதே பாட்டுதான்!"

போஸ்ட்மாஸ்டர் என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். மெயில் சர்வரைக் கட்டி மேய்க்கிறவர் அவர்தான். பதினெட்டு வருடமாக அவர் வேலையில் பாதி, படித்தவர்களுக்குப் படித்துக் காட்டுவது.

இன்றும் படித்துக் காட்டினார். 'தற்காலிகத் தடங்கல். சர்வர் தானாகவே மீண்டும் முயலும். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.' கடைசி வரியை மட்டும் இரண்டு முறை, விரல் வைத்து.

பிறகு அறிவிப்பின் தலையில் இருந்த 451 என்ற எண்ணைக் காட்டினார். நாலில் தொடங்கினால், இப்போது முடியாது, அப்புறம் வா என்று எதிர்ப்பக்கம் சொல்கிறது. பொறுத்திருந்தால் போதும். ஐந்தில் தொடங்கினால் அங்கே அப்படி ஆளே இல்லை, கடையைக் கட்ட வேண்டியதுதான். இதில் தலை சுற்ற என்ன இருக்கிறது?

மனிதர்களால் எதை வேண்டுமானாலும் செய்ய முடியும், சும்மா இருக்க மட்டும் முடியாது என்பது போஸ்ட்மாஸ்டரின் பதினெட்டு வருட ஆராய்ச்சி முடிவு. அந்த மனிதர்களில் அவர் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை.

கொள்முதல் அதிகாரி பாதி புரிந்து, பாதி முறைத்துவிட்டுப் போனார். போஸ்ட்மாஸ்டர் கதவைச் சாத்தினார். திரையில் அவர் எழுதிக்கொண்டிருந்த மெயில் ஒன்று பாதியில் நின்றது.

மகளுக்கு எழுதியது.

அவர் வீட்டில் இந்த எண்கள் பேச்சு வழக்கிலேயே இருந்தன. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "நானூத்தி அம்பத்தொண்ணும்மா!" என்று மகள் அறைக்குள்ளிருந்து கத்துவாள். அப்புறம் வருகிறேன் என்று அர்த்தம்.

ஏழு மாதத்துக்கு முன் பெட்டியோடு வாசலில் நின்று அப்பாவைப் பார்த்து அவள் சொன்னது வேறு எண். ஐநூற்று ஐம்பது.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அவளுடைய மெயில் பெட்டியை அவர் தன் சர்வரிலேயே ஓரமாக வைத்துக் கொடுத்திருந்தார். ஒருநாள் பராமரிப்பின்போது, அவள் தோழிக்கு எழுதியிருந்த மெயிலைத் திறந்து பார்த்தார். பிறகு அதற்கு முந்தையதை. பிறகு எல்லாவற்றையும். பராமரிப்பு என்றால் முழுமையாக இருக்க வேண்டாமா? அன்றைக்குச் சாப்பிடும்போது, அதில் வந்த ஒரு பையனின் பெயரைச் சொல்லி, யார் அது என்று விசாரிக்கவும் செய்தார்.

மகள் வேறு ஊருக்குப் போனாள். வேறு முகவரிக்கும் போனாள். அதை மனைவியிடம் கெஞ்சி வாங்கி இதுவரை பதினாலு மெயில் அனுப்பியாயிற்று. எல்லாமே விளக்கம். சர்வர் பராமரிப்பின் அவசியம் பற்றி ஒன்று, உபதலைப்புகளோடு. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. எதற்கு வரும்?

இன்றைக்குத்தான் விளக்கம் இல்லாமல் ஒன்று.

'உன் மெயிலை நான் படித்தது தப்பு. மன்னித்துவிடு.'

இரண்டு வரி. வந்து சேர ஏழு மாதம். அவருடைய சர்வர் எதையும் இவ்வளவு தாமதமாக அனுப்பியதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

ஆறாவது நிமிடம் அறிவிப்பு வந்தது.

'451. தற்காலிகத் தடங்கல். மீண்டும் அனுப்ப வேண்டாம். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.'

பதினெட்டு வருட அனுபவசாலி என்ன செய்தார்? மீண்டும் அனுப்பினார்.

அதற்கும் தடங்கல் வந்துவிடுமோ என்று மூன்றாவது முறையும் அனுப்பினார், தலைப்பில் 'அவசரம்' சேர்த்து. எதிர்ப்பக்க சர்வரைப் பார்த்துக்கொள்ளும், முகம் தெரியாத எவனையோ வேலை தெரியாதவன் என்று வாய்விட்டுத் திட்டினார். பதினாலு விளக்கமும் ஒரு சிராய்ப்பு இல்லாமல் போய்ச் சேர்ந்தன, இந்த ஒரு மன்னிப்புதானா வழியில் நிற்க வேண்டும்? உண்மையிலேயே பயந்துபோனார்.

முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தார். சர்வரின் பதிவேட்டைத் திறந்தார்.

வரிசையில் எதுவும் காத்திருக்கவில்லை.

மூன்று மெயிலும் அனுப்பிய நொடியிலேயே போய்ச் சேர்ந்திருந்தன. எந்தத் தடங்கலும் எங்கேயும் இல்லை.

அறிவிப்பை மறுபடி திறந்தார். எண்ணைப் பார்த்ததும் பதறியவர், அனுப்பியவர் முகவரியை இப்போதுதான் பார்த்தார்.

சர்வர் அனுப்பியதல்ல அது. மகளின் முகவரி. ஒவ்வொரு எழுத்தும் அவள் கையால் தட்டியது.

ஏழு மாதத்தில் வந்த முதல் பதில்.

ஐநூற்று ஐம்பது என்றும் தட்டியிருக்கலாம். அதற்கும் மூன்றே விசைதான்.

போஸ்ட்மாஸ்டரின் வலது கை நாலாவது மெயிலுக்காகத் தானாக நீண்டது. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்தார். இடது கையையும் நம்ப முடியாமல் அந்தப் பக்கம் வைத்தார். இரண்டின் மேலும் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.