ஒட்டினால் விடமாட்டான்

"அவன் எங்கடி?"

ஆய்வுகூட வாசலில் அம்மா நின்றிருந்தாள். விடிந்ததும் நாவலப்பிட்டியில் பஸ் ஏறிப் பேராதனைக்கு வந்திருக்கிறாள். கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டும் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். யசோதா கையிலிருந்த குழாயை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"எவன்மா?"

"போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப போன்ல சொன்னியே, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். புதுசா வந்தவன் கெட்டிக்காரன், பழையவனத் தள்ளிட்டு அந்த எடத்துல நுழைஞ்சிட்டான், ஒட்டினா விடமாட்டான்னு சிரிச்சு சிரிச்சுப் பேசுனியே. அவன்தான்."

பக்கத்து மேசையில் இருந்த தோழி ரபீகா சிரிப்பை அடக்கி இருமினாள். அன்றைக்குப் போனில் மறுமுனையில் இருந்தவளே அவள்தான்.

இப்போது நம்ப வைக்காவிட்டால் அம்மா கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய் விடுவாள், ஆராய்ச்சி பாதியில் நின்றுவிடும் என்று யசோதா பயந்தாள்.

"அம்மா, அது மனுசன் இல்ல, மருந்து. வந்து பாருங்க."

அம்மாவை இருட்டறைக்குள் அழைத்துப் போனாள். ரபீகாவும் பின்னால் வந்தாள். புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் சின்னக் குழாய் ஒன்று செம்மஞ்சளாக ஒளிர்ந்தது.

"இதுக்குள்ள டிஎன்ஏ இருக்கு. முறுக்கின நூலேணி மாதிரி. படிகளுக்கு நடுவுல ஒரு சாயம் நுழைஞ்சு உக்காந்திருக்கு. உக்காந்திருக்கிற வரைக்கும்தான் இப்படி ஜொலிக்கும். அதுதான் பழையவன்."

புது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெளிச்சம் மெல்ல மங்கியது.

"மருந்து அந்த எடத்தப் பிடிச்சதும் சாயம் வெளிய வந்திருச்சு. எவ்வளவு மங்குதுன்னு அளந்தா, மருந்து எவ்வளவு இறுக்கமா ஒட்டுதுன்னு தெரியும். நாளைக்குப் புற்றுநோய்க்கு உதவலாம்."

அம்மா ரபீகாவைத் திரும்பிப் பார்த்தாள். "நெசமாவாம்மா?"

"சத்தியமா அன்ட்டி. இவ இந்தக் குழாய்களைத் தவிர ஒரு ஆம்பளைய நிமிந்தும் பாக்க மாட்டா."

அம்மா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒருவழியாக நம்பிவிட்டாள். யசோதா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"அப்ப ஆளே இல்லியா?" அம்மா பட்டுச்சேலையின் மடிப்பை நீவினாள். "நீயே ஒருத்தனப் பாத்துக்கிட்டேன்னு சந்தோசத்துல, தரகர இனிமே வரவேணாம்னுட்டேனேடி."